ஆற்றுப் பக்கத்து கோல்

வாட்ஸப் குரூப்பில் நீங்கள் போட்ட அழைப்பிதழைப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மந்தைவெளியில் மண்டபம், மாலை நாலு மணி. அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளில் ஒன்றாக வளர்ந்து, அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று திசைக்கு ஒருவராகக் கொண்டுபோய் விடப்பட்ட நாம் எல்லோரும் ஒரே இடத்தில் கூடப் போகிறோம். நல்ல விஷயம்தான். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: நம் திடலின் வெண்கலக் குரல் மைக் அண்ணனுக்குப் பொன்னாடை, கேடயம். அதற்கு ஒருவர் பாக்கியில்லாமல் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தீர்கள்.

சைக்கிள் கடைக்காரர் மகனே, குரூப்பை நடத்துகிறவன் நீ. நீயாவது அதோடு விட்டாயா? "அந்த ஃபைனல்ல அண்ணன் கோல்னு கத்தினது இன்னும் காதுல கேக்குது. நம்ம கோல முழுங்கிட்டாங்களே!" என்று எழுதினாய். முழுங்கியது யார் என்று எழுதவில்லை. நான் குரூப்பில் இருக்கிறேன் என்கிற மரியாதை போலிருக்கிறது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். நீ சொல்வது என் அப்பாவை, என் நைனாவை. அன்றைக்கு விசில் பிடித்த ரெஃபரி அவர்தான்.

அதற்குக் கீழே மீன்காரம்மா மகள் ஒரு வரி எழுதியிருந்தாள். "அது கோல் இல்லை. பந்து வெளியே போய் ஓட்டை வழியாக உள்ளே வந்தது." அவ்வளவுதான். அதற்கு என்ன செய்தீர்கள்? கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை. ஒன்றா, இரண்டா, வரிசையாக. ஒருவன், "காது கேக்காதவங்க கமென்ட்ரிய பத்தி பேசறாங்கப்பா" என்று வேறு எழுதினான். தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயதில் எழுதுகிற எழுத்தா இது? உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறீர்கள்?

எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஊர்பேர் தெரியாதவன் அனுப்பும் வீடியோவை எல்லாம் முழுசாகப் பார்க்கிறீர்கள் அல்லவா, இதையும் முழுசாகப் படியுங்கள்.

நான் ஆறாவது பரீட்சை எழுதி முடித்த கோடை அது. ஆற்றை ஒட்டிய நம் திடலில் ஏழு பேர் ஆடும் புட்பால் டோர்னமென்ட் நடந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அந்த வருஷம் நம் ஏரியா டீம் ஃபைனல் வரை போனது. எதிர்டீம் ராயப்பேட்டை. அந்த இரண்டு வாரமும் நம் குடிசைகளில் வேறு பேச்சே கிடையாது. தண்ணீர்க் குழாயில் சண்டை போடுகிற பெண்கள்கூட இடதுகால் அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். நம் டீமில் அவர்தான் ராஜா. வலதுகால் சும்மா நிற்பதற்கு, இடதுகால் அடிப்பதற்கு என்று அவரே சொல்வார்.

திடல் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ரோட்டுப் பக்கம் ஒரு கோல், ஆற்றுப் பக்கம் ஒரு கோல். இரண்டுக்கும் சவுக்குக் கட்டைதான் கம்பம். கோடு போட்ட சுண்ணாம்புப் பொடி காலில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். வெயில் இறங்கினால் ஆற்று நாற்றம் மேலே ஏறும். அந்த நாற்றத்தோடுதான் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை தின்றோம், ஒன்றும் ஆகவில்லை. ரோட்டுப் பக்கத்து கோலுக்கு விலைக்கு வாங்கிய வலை. ஆற்றுப் பக்கத்துக்கு மீன்காரம்மாவின் புருஷன் பட்டினப்பாக்கத்திலிருந்து கொண்டுவந்து கட்டிய பழைய மீன்வலை. உப்பு வாடை போகாத வலை.

அந்த மீன்வலையில் ஒரு ஓட்டை இருந்தது. ஆட்டக்காரர்கள் நின்று பார்த்தால் இடதுபக்கம், கம்பத்தை ஒட்டி, முழங்கால் உயரத்தில். முதலில் கை நுழைகிற அளவுதான் இருந்தது. அதைப் பெரிசாக்கியது நாம் மூன்று பேர். நான், சைக்கிள் கடைக்காரர் மகன், மீன்காரம்மா மகள். காலையில் திடல் காலியாக இருக்கும்போது நாம் மீன் பிடிக்கும் ஆட்டம் ஆடுவோமே, ஒருவர் மீனாகி வலைக்குள் இருப்பார், மற்ற இருவர் பிடிக்க வருவார்கள், மீன் அந்த ஓட்டை வழியாக நழுவி வெளியே ஓடும். ஆடி ஆடி நம் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. மீன்காரம்மா மகள்தான் எப்போதும் ஜெயிப்பாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. ஆனால் கண் இருக்கிறதே, அப்பப்பா! நீ எந்தப் பக்கம் நகரப் போகிறாய் என்று உனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

சாயந்திரம் மேட்ச் நடக்கும்போது ஆற்றுப் பக்கத்து கோலுக்குப் பின்னால்தான் நாம் மூவரும் உட்காருவோம். அந்தப் பக்கம் வேறு யாரும் வரமாட்டார்கள், நாற்றம். அந்த கோலில் பந்து விழுந்தால் முதலில் எழுந்து குதிப்பது நாம்தான். நம் டீம் போட்டாலும் குதிப்போம், எதிராளி போட்டாலும் குதிப்போம். பந்து வலையில் வந்து விழுவதே நமக்குக் கொண்டாட்டம். இதை மறந்துவிடாதீர்கள், இதற்குத்தான் பிற்பாடு வருகிறேன்.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஸ் கண்டக்டர், திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகிற வண்டி. கறுப்புக் கயிற்றில் கோத்த எவர்சில்வர் விசில் எப்போதும் கழுத்தில் கிடக்கும். டியூட்டிக்கும் அதே விசில், திடலுக்கும் அதே விசில். ஞாயிற்றுக்கிழமை அதை வெந்நீரில் போட்டு, பழைய துணியால் துடைத்து, ஒருமுறை மெல்ல ஊதிப் பார்ப்பார். புட்பால் சட்டமெல்லாம் புத்தகம் வாங்கிப் படித்தவர். டோர்னமென்டில் சின்ன மேட்சுகளுக்கு அவர்தான் ரெஃபரி. ஃபைனலுக்கு வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் வரவில்லை. நம் ஏரியா ஆடுகிற ஃபைனலுக்கு நம் ஏரியா ஆளே ரெஃபரியா என்று நைனா ஒத்துக்கொள்ளவில்லை. ராயப்பேட்டை கேப்டன்தான் வந்து சொன்னார்.

"நீங்களே ஊதுங்கண்ணே. ஃபவுல் பண்ணான்னு சொந்த ஏரியாகாரனயே வெளிய தள்ன ஆளு நீங்க. எங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

நைனா அப்போதும் உடனே தலையாட்டவில்லை. இரண்டு கோலையும் சுற்றிப் பார்த்தார். மீன்வலை ஓட்டையைக் காட்டி, "இத தெச்சிட்டு ஆரம்பிங்க" என்றார். கமிட்டிக்காரர் ஒருவர், "அட, இதுல இன்னா போவப்போவுது? நேரமாவுதுண்ணே" என்று தள்ளிக்கொண்டு போனார். அவர் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

இப்போது உங்கள் மைக் அண்ணன். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்காது. ஆள் நம் ஏரியாதான், ராயப்பேட்டையில் மைக் செட், நாற்காலி வாடகைக்கு விடும் கடை மட்டும் வைத்திருந்தார். கல்யாணம், கருமாதி, கூழ் ஊற்றும் விழா எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான். வாயைத் திறந்தால் மேடைத்தமிழ். ரோட்டுப் பக்கத்து கோல் ஓரமாகப் போட்ட மேடையில், கிழிந்த பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ரசிகப் பெருமக்களே!" என்பார். திடல் முழுக்கச் சிலிர்க்கும். எனக்கும்தான் சிலிர்த்தது, இல்லை என்று சொல்லவில்லை.

கூட்டம் எப்படி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். திடலைச் சுற்றி ஐந்து வரிசை, ஆறு வரிசை. முன்வரிசைக்குத்தான் ஆட்டம் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவனின் பிடரிதான் தெரியும். அவர்களெல்லாம் மேட்சைக் காதால்தான் பார்த்தார்கள். மைக் அண்ணன் சொன்னதுதான் மேட்ச். நம் ஆள் ராயப்பேட்டைக்காரரின் காலை வாரினால், "லேசாக உரசிச் செல்கிறார்" என்பார். அவர்கள் நம் ஆளைத் தோளால் இடித்தால், "ஐயையோ! முரட்டுத்தனமாக மோதித் தள்ளுகிறார்!" என்பார். இரண்டுக்கும் நைனா ஒரே மாதிரிதான் விசில் ஊதினார். முதல் விசிலுக்குக் கூட்டம் முனகியது, இரண்டாவது விசிலுக்குக் கைதட்டியது. கண்ணெதிரே நடந்தது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று. எதை நம்பினீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

முதல் பாதியில் ராயப்பேட்டை ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் நம் டீம் ஆற்றுப் பக்கத்து கோலை நோக்கி அடித்தது. நேரம் முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும். வெயில் ஆற்றுக்கு மேலே இறங்கி, மேடையின் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. இடதுகால் அண்ணன் ஒரு ஆளைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், அடித்தார்.

பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. ஒரு சாண்கூட இல்லை. ஆனால் வெளியேதான். வலையின் வெளிப்புறத்தில் மோதி, நம் ஓட்டை வழியாகப் புகுந்து, உள்ளே வந்து உருண்டு நின்றது.

நாம் மூவரும் குதித்தோம். எதற்குக் குதித்தோம்? மீன் நழுவுகிற ஓட்டையில் பந்து நழுவி வந்துவிட்டது, அதற்கு. அந்த வேடிக்கைக்கு. சிரித்துச் சிரித்துக் குதித்தோம்.

இடதுகால் அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அடித்தவருக்குத் தெரியாதா எங்கே போனது என்று? அந்த நேரத்தில் குழாய் அலறியது. "கோல்! கோல்! கோல்! சமன் செய்துவிட்டது நமது அணி!" தலையில் இருந்த கைகள் அப்படியே மேலே போயின. அவர் ஓட ஆரம்பித்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். தலையில் வைத்த கையை மைக் தூக்கிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நைனா கோலுக்குப் பத்தடியில் நின்றிருந்தார். விசில் ஊதி, பந்து வெளியே, கோல் கிக் என்று கை காட்டினார். அப்புறம் மைக் பேசியது. நீங்கள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிற வரிகள்தான்.

"நடுவர் மறுக்கிறார்! ஊரே பார்த்த கோலை ஒரே ஒருவர் பார்க்கவில்லை!"

நைனா வலையருகே வந்து, ராயப்பேட்டை கேப்டனையும் நம் கேப்டனையும் அழைத்து, ஓட்டைக்குள் கையை விட்டுக் காட்டினார். எட்ட நின்றவர்களுக்கு அது என்ன தெரியும்?

"வலையைப் பிடித்துக்கொண்டு நடுவர் என்ன செய்கிறார்? மீன் பிடிக்கிறாரா? பேருந்தில் விசில் ஊதிப் பழக்கம், இறங்குகிறவரை ஏற்றுவார், ஏறுகிறவரை இறக்குவார்!"

சிரித்தார்கள் பாருங்கள் ஒரு சிரிப்பு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சைக்கிள் கடைக்காரர் மகனே, நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மீன் பிடிக்கிறாரா என்பது நம் ஆட்டம் அல்லவா, அதனால் சிரித்தேன். என் நைனாவைப் பார்த்து ஊர் சிரிக்கிறபோது நானும் பல்லைக் காட்டினேன்.

முதல் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அப்புறம் வந்தவை எண்ண முடியாது. திடலுக்குள் கூட்டம் இறங்கியது. நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், பெயர் வேண்டாம். ராயப்பேட்டைப் பையன்கள்தான் சுற்றி நின்று அவரை ரோடு வரை கூட்டிப்போனார்கள். அதுவும் வினையாயிற்று. "பாத்தியா, அவங்க ஆளு, அவங்களே இட்டுனு போறாங்க" என்றார்கள். கப் ராயப்பேட்டைக்குப் போனது. அன்றைக்கே கதையும் கட்டியாயிற்று. ராயப்பேட்டையில் ஒரு பிரியாணி தின்றாராம், அதற்கு நம் கோலை விற்றாராம். நைனாவுக்குக் கறியே ஒத்துக்கொள்ளாது, தெரியுமா உங்களுக்கு? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கூட்டம் கலைகிறபோது மீன்காரம்மா மகள் நம் இருவரையும் பிடித்து நிறுத்தினாள். கையால் கம்பம் காட்டினாள். கம்பத்துக்கு வெளியே காட்டினாள். ஒரு கையை வட்டமாக்கி, இன்னொரு கையை அதற்குள் நுழைத்துக் காட்டினாள். திரும்பத் திரும்ப. அவள் தோளைத் தள்ளிவிட்டு நீ என்ன சொன்னாய்? "போடி, மைக்லயே சொல்ட்டாங்க." அவளுக்கு அதுவும் கேட்கவில்லை. நானும் உன்னோடுதான் வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். கிழிந்த சட்டையை அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். நைனா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். உதடு வீங்கியிருந்தது.

"நீ அங்கதான ஒக்காந்துனு இருந்த. பந்து கம்பத்துக்கு எந்தப் பக்கம் போச்சு, சொல்லு."

"உள்ளதான் நைனா."

"கண்ணால பாத்தியா?"

"மைக்ல சொன்னாங்களே."

"மைக்ல சொன்னது நானுந்தான் கேட்டேன். நீ இன்னா பாத்த?"

"பாத்தேன் நைனா. கோலுதான்."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். "செரி, போ" என்றார், அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை, இதைப் புரிந்துகொள்ளுங்கள். பயத்தில் பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் பந்து என் கண்ணுக்குள்ளேயே இடம் மாறிவிட்டது. கம்பத்துக்கு உள்ளே போவதாகத்தான் நான் பார்த்தேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் பார்த்தேன். என் நைனா ஒரு நல்ல கோலைத் தவறவிட்டவர் என்று நம்பி, பெரிய மனசு பண்ணி, அவரை மன்னித்து வைத்திருந்தேன். மன்னித்தேனாம்! நினைக்கும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கப்புறம் நைனா திடல் பக்கமே போகவில்லை. குழாயடியில் அம்மாவைப் பார்த்து "கோல் முழுங்கி வூடு" என்றார்கள். அம்மா வேறு தெருக் குழாய்க்குப் போனாள், இரண்டு குடத்தோடு ரோட்டைத் தாண்டி. பஸ்ஸில் நம் ஏரியா பையன்கள் ஏறி, அவர் விசில் ஊதும்போதெல்லாம் "கோல் இல்ல, கோல் இல்ல!" என்று கத்துவார்கள். பஸ்ஸே சிரிக்கும். ஒருநாள் அவர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டார். வண்டி நிற்கவும் கிளம்பவும் பஸ் தகரத்தைக் கையால் தட்டினார், இல்லையென்றால் "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தார். "விசிலு இன்னாத்துக்குயா குடுத்துகீறாங்க? ஊது" என்று டிரைவர் சண்டை போட்டார். ரிட்டயர்டு ஆகும் வரை தகரத்தைத்தான் தட்டினார். அந்த விசில் எங்கே போனது என்று தெரியவில்லை. செம்மஞ்சேரிக்கு வீடு மாற்றியபோது தேடினேன், கிடைக்கவில்லை.

போன வாரம் மீன்காரம்மா மகளின் அந்த ஒரு வரியைப் படித்தேன். அவள் இப்போது தி.நகரில் தையல் கடை வைத்திருக்கிறாள், உங்களில் யாராவது அங்கே போயிருக்கிறீர்களா? 'ஓட்டை வழியாக' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் முதலில் எனக்கு ஞாபகம் வந்தது பந்து இல்லை. நாம் சிரித்த சிரிப்பு. கோல் போட்டால் கத்துவோம். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று யோசித்தேன். அப்புறம்தான் பந்து வந்தது, கம்பத்துக்கு வெளியே.

அன்றைக்குச் சாயந்திரம் என் பேத்தி டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் தமிழிலேயே கமென்ட்ரி வருகிறதே, நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஒருவன் பெனால்ட்டி ஏரியாவில் விழுந்தான், ரெஃபரி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். "இது அநியாயம்!" என்று ஒருவர் ஆரம்பித்தார், மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள். பேத்தி ரெஃபரியைத் திட்ட ஆரம்பித்தாள். நான் ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தினேன்.

"அய்யோ ஆயா! இன்னா பண்ற? இப்ப ஃபவுலா இல்லையான்னு எப்டி தெரியும்?"

"கண்ணு எதுக்குடி கீது?" என்று கத்தினேன். குழந்தை பயந்துவிட்டது. மறுபடி மறுபடி அதைக் காட்டினார்கள். சத்தமில்லாமல் பார்த்தோம். விழுந்தவன் காலில் யாரும் படவே இல்லை. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் ராயப்பேட்டைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. மைக் அண்ணன் அதே கடையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். யார் மகள் என்று சொன்னேன். முகம் மாறியது. பொன்னாடை பற்றிப் பேச வந்தேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அந்த ஃபைனல்ல பந்து உள்ள போனத நீங்க பாத்தீங்களா?"

அவர் நாற்காலிக் கையைத் தடவினார்.

"எங்கம்மா பாக்கறது? வெயிலு நேரா மூஞ்சில. ஆத்துப் பக்கத்து கோலு எனக்கு எந்த மேட்ச்லயும் தெரிஞ்சதில்ல."

"அப்ப எப்டி சொன்னீங்க?"

"பின்னாடி பசங்க ஒக்காந்துனு இருப்பீங்க இல்ல, மூணு பேரு. பந்து உள்ள பூந்தா நீங்க குதிப்பீங்க. வெயில்ல அது மட்டும் கறுப்பா நெழலாட்டம் தெரியும். நீங்க குதிச்சா நான் கோலுன்னு சொல்வேன். டோர்னமென்ட் பூரா அப்டித்தான் சொல்லினு இருந்தேன். ஒருவாட்டிகூட தப்பு வரல. அன்னிக்கும் குதிச்சீங்களேம்மா. நல்லா குதிச்சீங்க."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. அவரே ஒன்றை எடுத்துப் போட்டார்.

நாம் குதித்தோம். அதைப் பார்த்து அவர் கோல் என்றார். அதைக் கேட்டு ஊர் கோல் என்றது. ஊர் சொன்னதைக் கேட்டு நாம் கோல் என்றோம். இதில் பந்தை யாரப்பா பார்த்தது? நைனா பார்த்தார், அவள் பார்த்தாள். ஒருவரை அடித்தோம், ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தோம்.

"எங்க நைனா ஓட்டைய காட்னாரே, அப்ப புரிஞ்சிருக்குமே. அப்பவாவது மாத்திச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"லேசா புரிஞ்சுது. மைக்ல சொன்னத எப்டிம்மா மாத்தறது? ஜனம் என்னைய அடிக்கும்."

"எங்க நைனாவ அடிச்சாங்களே!"

கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல மைக்கில் என்ன தடை? ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் இரண்டு கால்தான் தெரிந்தது, குதித்துக்கொண்டு.

நேற்று சாயந்திரம் நைனாவிடம் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டார். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இப்போது நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு ஜன்னலோரத்தில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கீழே ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் விசில் கேட்கும். நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, அந்த ஃபைனல்ல பந்து வெளியதான் போச்சு. நான் பாத்தேன். ஓட்டைல பூந்துச்சுன்னு நாங்கதான் குதிச்சோம். அத பாத்துதான் அவரு கோலுன்னு சொல்லிகிறாரு. எல்லாம் என்னாலதான் நைனா."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"எவ்ளோ வெளிய?" என்று கேட்டார்.

நான் இரண்டு கையையும் அகட்டி ஒரு சாண் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்து, நெருக்கி வைத்தார். நாலு விரற்கடை.

"இவ்ளோதான்" என்றார். "அதனால அடிச்சவன்மேல தப்பில்ல. பாக்காதவன்மேலயும் தப்பில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் மாறியது. திடலில் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆட்டக்காரனை அதட்டுவாரே, அந்தக் குரல்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்லினு கீற? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. போய் மைக்ல சொல்லு."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நைனாவை ஆட்டோவில் கூட்டி வருகிறேன். மீன்காரம்மா மகளும் வருகிறாள், மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டேன். உங்கள் பொன்னாடையை நீங்கள் போர்த்துங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் மைக் என் கைக்கு வர வேண்டும். அவள் கையால் காட்டுவாள், நான் வாயால் சொல்வேன், மைக் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். சைக்கிள் கடைக்காரர் மகனே, நீ கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்காதே. மேலே ஏறி என் பக்கத்தில் வந்து நில். நீயும்தான் குதித்தாய்.